திண்டுக்கல் காற்றின் பங்குக் கணக்கு

திண்டுக்கல் நகரில் காற்றழுத்தம் ஏறத்தாழ 980 ஹெக்டோபாஸ்கல் இருக்கும். கொடைக்கானலில் 785 அளவுக்கு இறங்கிவிடும். ஒரே மாவட்டத்துக்குள், காலையில் பஸ் ஏறினால் மதியத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடுகிற தூரத்தில், காற்றின் அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போகிறது. நகரம் கடல் மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் இருக்கிறது. மலை 2,133 மீட்டரில் இருக்கிறது. கொடைக்கானலில் 1899-இல் தொடங்கப்பட்ட சூரிய ஆய்வகம் இன்னும் உயரத்தில், 2,343 மீட்டரில் நிற்கிறது. வளிமண்டலத்தின் மொத்த எடையில் ஏறக்குறைய கால் பங்கு அதற்குக் கீழேயே தங்கிவிடுகிறது. பிளஸ் ஒன் வேதியியல் புத்தகத்தில் ‘வாயு நிலைமை’ என்ற பாடத்தில் வரும் விதிகளில் பெரும்பாலானவற்றை வத்தலக்குண்டு வழியாகப் போகும் மலைச்சாலையிலேயே சரிபார்த்துவிடலாம்.

அந்த விதிகள் ஒரே நாளில் வந்தவை அல்ல. வெப்பநிலை மாறாதபோது அழுத்தம் கூடினால் கனஅளவு குறையும் என்று ராபர்ட் பாயில் 1662-இல் சொன்னார். அழுத்தம் மாறாதபோது வெப்பநிலை ஏற ஏறக் கனஅளவும் ஏறும் என்பதைச் சார்லஸ் கண்டார்; அதை 1802-இல் அச்சில் கொண்டுவந்தவர் கே-லுசாக். ஒரே அழுத்தத்திலும் வெப்பநிலையிலும் சம கனஅளவுள்ள வாயுக்களில் மூலக்கூறுகளின் எண்ணிக்கையும் சமம் என்ற அவகாட்ரோவின் கருத்து 1811-இல் வந்தது. இவற்றை 1834-இல் ஒரே சமன்பாடாகக் கட்டியவர் கிளாபிரான். மாணவர்கள் ‘பிவி ஈக்குவல் டு என்ஆர்டி’ என்று ஒரே மூச்சில் ஒப்பிக்கும் நல்லியல்பு வாயுச் சமன்பாடு அதுதான். அழுத்தத்தைக் கனஅளவால் பெருக்கினால் வரும் தொகை, மோல்களின் எண்ணிக்கையையும் கெல்வின் வெப்பநிலையையும் 8.314 என்ற மாறிலியையும் பெருக்கி வரும் தொகைக்குச் சமம்.

இதில் எந்த வாயு என்ற கேள்வியே எழவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஹைட்ரஜனானாலும் கரியமில வாயுவானாலும் சமன்பாடு ஒன்றே. சாதாரணக் காற்றில் மூலக்கூறுகள் தங்கள் உடல் அளவைப்போலப் பத்து மடங்கு இடைவெளியில், நொடிக்கு நானூறு ஐந்நூறு மீட்டர் வேகத்தில் பறந்துகொண்டிருக்கின்றன. இவ்வளவு விலகியிருப்பவை ஒன்றையொன்று இழுப்பதோ இடத்துக்குப் போட்டியிடுவதோ மிகச் சொற்பம். மூலக்கூறுக்கு அளவே இல்லை, ஈர்ப்பும் இல்லை என்று வைத்துக்கொண்டால் கிடைப்பது நல்லியல்பு வாயு. அப்படியொரு வாயு உலகில் எங்கும் கிடையாது. ஆனாலும் திண்டுக்கல் காற்றுக்கு அந்தக் கற்பனை ஒரு சதவீதத்துக்கும் குறைவான பிழையோடு பொருந்திப்போகிறது.

சிப்ஸ் பாக்கெட்டை எடுத்துக்கொள்ளலாம். சமவெளியில் 35 டிகிரி வெயிலில் வாங்கிய பாக்கெட், மலை ஏற ஏற உப்பிக்கொண்டே போய், 15 டிகிரி குளிரில் தலையணைபோல் விறைத்து நிற்கும். குளிர்ந்தால் வாயு சுருங்க வேண்டுமே என்ற சந்தேகம் நியாயமானது. கணக்கு தீர்த்துவைக்கிறது. அழுத்தம் 980-இலிருந்து 785-க்கு இறங்குவதால் கனஅளவு 1.25 மடங்காகப் பார்க்கிறது. வெப்பநிலை 308 கெல்வினிலிருந்து 288-க்கு இறங்குவதால் 0.935 மடங்காகச் சுருங்கப் பார்க்கிறது. இரண்டையும் பெருக்கினால் 1.17. அதாவது ஒரு லிட்டர் வாயு 1.17 லிட்டராக விரிய இடம் தேடுகிறது. உறை விடாததால் உப்புகிறது. டிகிரியைக் கெல்வினாக மாற்றாமல் 35, 15 என்றே போட்டுக் கணக்கிடும் மாணவருக்கு வாயு ஏறக்குறையப் பாதியாகச் சுருங்கிவிடும். தேர்வுத் தாள்களில் அதிகம் காணப்படும் பிழை இதுவாகத்தான் இருக்கும்.

கார் டயரில் நடப்பது இதைவிடச் சுவையானது. திண்டுக்கல்லில் 32 பாயிண்ட் காற்று பிடித்துக்கொண்டு போய், இரவு முழுக்கக் கொடைக்கானலில் வண்டியை நிறுத்தி, காலையில் மீட்டர் வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய அதே 32 காட்டும். எதுவுமே மாறவில்லை என்று தோன்றும். ஆனால் மீட்டர் காட்டுவது உள் அழுத்தத்தை அல்ல. உள்ளே வெளியைவிட எவ்வளவு அதிகம் என்பதை மட்டுமே. திண்டுக்கல்லின் வெளிக்காற்று அதே பாயிண்ட் கணக்கில் 14.2, எனவே உள்ளே மொத்தம் 46.2. மலையின் குளிரில் அது 43.2 ஆகக் குறைகிறது. மலையில் வெளிக்காற்றும் 11.4 ஆகக் குறைந்துவிட்டதால், மீதி 31.8 என்று வருகிறது. குளிர் எடுத்துக்கொண்டதை உயரம் திருப்பிக் கொடுத்துவிடுகிறது.

பாடப் புத்தகங்களின் 22.4 லிட்டருக்கும் இங்கே வேலை இல்லை. ஒரு மோல் வாயு 22.4 லிட்டர் இடம் பிடிப்பது பூஜ்ஜியம் டிகிரியில், கடல் மட்ட அழுத்தத்தில். 33 டிகிரி அடிக்கும் திண்டுக்கல்லில் அது 26 லிட்டர். 15 டிகிரி கொடைக்கானலில் முப்பது லிட்டரையும் தாண்டும்.

இதுவரை காற்றை ஒற்றைப் பொருளாகவே பேசியாயிற்று. உண்மையில் அது கலவை. ஈரத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் நூற்றில் 78 பங்கு நைட்ரஜன், 21-க்குச் சற்றுக் குறைவாக ஆக்சிஜன், ஒரு பங்குக்கும் குறைவாக ஆர்கான், மிகச் சிறு அளவில் கரியமில வாயு. ஜான் டால்டன் 1801-இல் சொன்னது இந்தக் கலவையைப் பற்றி. கலந்திருக்கும் ஒவ்வொரு வாயுவும், அந்தப் பாத்திரத்தில் தான் மட்டுமே இருந்தால் என்ன அழுத்தம் தருமோ அதையே கலவைக்குள்ளும் தருகிறது. மொத்த அழுத்தம் அவற்றின் கூட்டுத்தொகை. ஒவ்வொன்றின் பங்குக்குப் பகுதி அழுத்தம் என்று பெயர். மொத்த மூலக்கூறுகளில் ஒரு வாயுவின் விகிதம் எதுவோ, அதாவது அதன் மோல் பின்னம் எதுவோ, மொத்த அழுத்தத்திலும் அதன் பங்கு அதுவே. திண்டுக்கல்லின் உலர்ந்த காற்றில் நைட்ரஜன் 765, ஆக்சிஜன் 205, ஆர்கான் 9 ஹெக்டோபாஸ்கல். கரியமில வாயு அரைக்கும் குறைவு.

டால்டன் வேதியியல் சோதனைச்சாலையிலிருந்து இந்த இடத்துக்கு வந்து சேரவில்லை, வானிலையிலிருந்து வந்தார். மான்செஸ்டரில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்த அவர், 1787-இல் தொடங்கிய வானிலைக் குறிப்பேட்டை 1844-இல் இறக்கும்வரை எழுதினார். காற்றில் நீராவி எப்படித் தங்குகிறது என்பதுதான் அவரைக் குடைந்த கேள்வி. சர்க்கரை தண்ணீரில் கரைவதுபோல நீர் காற்றில் கரைகிறது என்பது அன்றைய பொது நம்பிக்கை. டால்டன் அதை மறுத்தார்: நீராவி காற்றைச் சட்டை செய்வதே இல்லை, காற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் குறிப்பிட்ட வெப்பநிலையில் அது எட்டக்கூடிய உச்ச அழுத்தம் ஒன்றுதான். இதற்கு அவர் கற்பித்த காரணம், ஒரு வாயுவின் துகள் தன் இனத்தை மட்டுமே விலக்கும் என்பது. பிற்காலத்தில் அது நிற்கவில்லை. விதி நின்றது.

மலைக்குப் போனவர்கள் மூச்சு வாங்கும்போது ‘மேலே ஆக்சிஜன் கம்மி’ என்பார்கள். விகிதத்தைக் கேட்டால் அது தவறு. கொடைக்கானலிலும் ஆக்சிஜன் அதே 21 சதவீதம்தான். பகுதி அழுத்தத்தைக் கேட்டால் சரி. அங்கே அது 164. இரத்தத்துக்குள் ஆக்சிஜனைத் தள்ளுவது பகுதி அழுத்தமே. சதவீதத்துக்கு நுரையீரலில் எந்த வேலையும் இல்லை. இதிலும் நீராவி தன் பங்கைக் கழித்துக்கொள்கிறது. உள்ளே போகும் காற்று மூச்சுக்குழாயில் 37 டிகிரிக்குச் சூடேறி, முழு ஈரமாகிவிடுகிறது. அந்த வெப்பநிலையில் நீராவியின் அழுத்தம் 63 ஹெக்டோபாஸ்கல். ஊர் எதுவானாலும் இது மாறாது. எனவே திண்டுக்கல்லில் 980-இலிருந்து 63-ஐக் கழித்து, மீதியில் 21 சதவீதம் எடுத்தால் 192. கொடைக்கானலில் அதே கணக்கில் 151. நல்ல உடல்நிலை உள்ளவருக்கு இந்தக் குறைவு படி ஏறும்போது மட்டும் தெரியும்; நுரையீரல் நோயாளிக்கு உட்கார்ந்திருக்கும்போதே தெரியலாம்.

நீராவியின் தனிப்போக்கு நன்றாகத் தெரிவது ஆடி மாதத்தில். தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் கொட்டித் தீர்க்கும் நாட்களில், திண்டுக்கல் சமவெளியில் மேகம் வேகமாக ஓடும், காற்று புழுதியைக் கிளப்பும், மழை மட்டும் பெரிதாக வராது. இந்தப் பகுதியின் நம்பிக்கை ஐப்பசி, கார்த்திகை மழைதான். மலையைத் தாண்டிய காற்று ஈரத்தை அந்தப் பக்கமே இறக்கிவிடுகிறது என்ற விளக்கம் சரியானது, ஆனால் பாதிதான். மீதிப் பாதி இறக்கத்தில் நடக்கிறது.

மலை உச்சியில் 15 டிகிரியில், மூடுபனியோடு, ஈரம் நிரம்பி நிற்கும் காற்றில் நீராவியின் பகுதி அழுத்தம் 17 ஹெக்டோபாஸ்கல். அந்த வெப்பநிலையில் அதற்குமேல் தாங்காது. ஈரப்பதம் நூறு சதவீதம். அந்தக் காற்று சமவெளிக்கு இறங்கும்போது மொத்த அழுத்தம் 1.25 மடங்காகிறது. நீராவியின் மோல் பின்னம் மாறவில்லை. எனவே டால்டன் விதிப்படி அதன் பகுதி அழுத்தமும் 1.25 மடங்காகி 21-ஐத் தொடுகிறது. ஈரம் கூடியதுபோலத்தான் இருக்கிறது. ஆனால் அமுங்குகிற காற்று சூடாகும். ஆயிரம் மீட்டர் இறக்கத்துக்கு ஏறத்தாழ 10 டிகிரி. 1,850 மீட்டர் இறங்கிய காற்று 33 டிகிரிக்கு வந்துவிடுகிறது. 33 டிகிரியில் காற்று தாங்கக்கூடிய நீராவி அழுத்தம் 50. அந்த 50-இல் 21 என்றால் ஈரப்பதம் 42 சதவீதம். ஒரு துளி நீரைக்கூட இழக்காமல், இறங்கிய ஒரே காரணத்தால் மூடுபனிக் காற்று உலர்காற்றாகிவிட்டது. வழியில் மற்ற காற்றோடு கலப்பதால் நிஜ அளவு நாளுக்கு நாள் மாறும், போக்கு இதுதான்.

சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலைக்குச் சாயம் போட்டு அலசிக் காயப்போடுகிறவர்களுக்கு இந்த எண்கள் வேலை நேரமாகக் கைக்கு வரும். ஈரத்துணியின் மேற்பரப்பில் நீராவி அழுத்தம் எவ்வளவு, சுற்றியுள்ள காற்றில் எவ்வளவு என்ற வித்தியாசம்தான் துணியை உலர்த்துகிறது. மேலே சொன்ன ஆடிக்காற்றில் துணி 23 டிகிரி வரை குளிர்ந்து, அதன் பரப்பில் 28 இருக்கும், காற்றில் 21, வித்தியாசம் 7. ஐப்பசியில் 27 டிகிரியும் 90 சதவீத ஈரப்பதமுமாக இருக்கும் ஒரு நாளில் காற்றிலேயே நீராவி 32 இருக்கிறது. துணியின் பரப்பில் 33. வித்தியாசம் வெறும் 1. ஆடியில் காற்றும் வேகமாக அடிப்பதால் துணியை ஒட்டி நிற்கும் ஈரப் படலத்தையும் அள்ளிக்கொண்டு போய்விடும். அடைமழைக் காலத்தில் வெயில் எட்டிப்பார்த்தாலும் துணி காயாததற்கு வெயிலைக் குறை சொல்லிப் பயனில்லை. புழுக்கமான காற்று கனமாக இருப்பதுபோல் உடலுக்குத் தோன்றுவதும் பொய். நீர் மூலக்கூறின் எடை 18. உலர்காற்றின் சராசரி 29. ஈரக்காற்றுதான் இலேசு.

அடுத்த இடம் அடுப்படி. நீரின் ஆவி அழுத்தம் வெளி அழுத்தத்தை எட்டும்போது நீர் கொதிக்கிறது. திண்டுக்கல்லில் அது 99 டிகிரி, கொடைக்கானலில் 93. பருப்பு மலையில் வேகத் தாமதமாவது இதனால்தான். குக்கரின் வெயிட் வெளிக்காற்றோடு இன்னொரு 980 ஹெக்டோபாஸ்கல் அளவைச் சேர்த்துப் பிடிக்கிறது என்று கொண்டால், திண்டுக்கல்லில் உள்ளே மொத்தம் 1,960. அந்த அழுத்தத்தில் நீர் 120 டிகிரியை நெருங்கிக் கொதிக்கும். கொடைக்கானலில் அதே குக்கர் 116-ஐ எட்டும்.

‘ஆவி நல்லா வந்தப்புறம் வெயிட்டப் போடு’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதன் வேதியியல் இங்கேதான் இருக்கிறது. ஆவி வருமுன்பே வெயிட்டைப் போட்டால், குக்கருக்குள் இருந்த காற்று உள்ளேயே அடைபடும். 30 டிகிரியில் 980 அழுத்தத்தோடு அடைபட்ட அந்தக் காற்று, சூடாகச் சூடாகத் தானும் அழுத்தம் ஏறும். வெயிட் தூக்குவது மொத்தம் 1,960 ஆகும்போது. அதில் காற்றின் பங்கு எவ்வளவு, ஆவியின் பங்கு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. துளிக் காற்றும் வெளியேறவில்லை என்று வைத்துக் கணக்கிட்டால், முதல் விசிலின்போது காற்றின் பகுதி அழுத்தம் 1,180-ஐ ஒட்டி இருக்கும். நீராவிக்கு மிஞ்சுவது 780 அளவே. நீராவி 780-இல் நிற்கிறது என்றால் உள்ளே வெப்பநிலை 93 டிகிரியைத் தாண்டவில்லை என்று பொருள். மூடாமல் கொதிக்கும் சட்டியைவிடக் குறைவு! சத்தம் வந்துவிட்டது, சூடு வரவில்லை. விசிலுக்கு விசில் காற்று வெளியேறி, ஆவி அதன் இடத்தைப் பிடிக்கப் பிடிக்கத்தான் வெப்பநிலை 120-ஐ நோக்கி ஏறும். எனவே முதல் விசிலும் நான்காவது விசிலும் ஒன்றல்ல. விசில் எண்ணிக்கையை மட்டும் நம்பும் சமையல் குறிப்புகள் பக்கத்து வீட்டுக் குக்கரில் சொதப்புவதற்கு இதுவும் ஒரு காரணம். மருத்துவமனைகளில் அறுவைக் கருவிகளைக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவிலும் இதே சிக்கல் உண்டு. அங்கே 121 டிகிரி எட்டாவிட்டால் உயிருக்கே ஆபத்து என்பதால், உள்ளிருக்கும் காற்றை முதலில் வெளியேற்றிவிட்டுத்தான் அழுத்தத்தை ஏற்றுகிறார்கள். அழுத்தத்தோடு வெப்பநிலையையும் தனியே அளக்கிறார்கள்.

பள்ளி ஆய்வகத்தில் நீரை இறக்கி வாயுவைச் சேகரிக்கும் சோதனையிலும் கழித்தல் உண்டு. துத்தநாகத்தில் அமிலம் ஊற்றி வரும் ஹைட்ரஜனை, நீர் நிரப்பிக் கவிழ்த்த குழாயில் பிடிக்கும்போது, அதோடு நீராவியும் சேர்ந்துவிடுகிறது. 30 டிகிரியில் அது 42 ஹெக்டோபாஸ்கல். உள்ளேயும் வெளியேயும் நீர்மட்டம் சமமாக இருக்கையில் குழாய்க்குள் மொத்தம் 980. ஹைட்ரஜனுக்கு உரியது 938 மட்டுமே. கழிக்க மறந்தால் விடையில் நான்கு சதவீதத்துக்கு மேல் பிழை. 980-க்குப் பதிலாகப் புத்தகத்தின் 1,013-ஐ எழுதினால் பிழை இன்னும் மூன்று சதவீதத்துக்கு மேல் கூடும்.

அழுத்தம் ஏறிக்கொண்டே போனால் நல்லியல்பு வாயு என்ற கற்பனை தளரத் தொடங்கும். மருத்துவமனைகளில் கறுப்பு உடலும் வெள்ளைத் தோளுமாக நிற்கும் பெரிய ஆக்சிஜன் உருளை, 2021-இன் கொரோனா இரண்டாம் அலையில் எல்லாருக்கும் தெரிந்த பொருளாகிவிட்டது. ‘டி டைப்’ எனப்படும் அதன் உட்கொள்ளளவு 46.7 லிட்டர். 150 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் நிரப்பினால் பாயில் விதிப்படி வெளியே 7,000 லிட்டர் வாயு கிடைக்கும். நிமிடத்துக்கு 10 லிட்டர் வைத்தால் 700 நிமிடம், பதினொன்றே முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. முள் 50-க்கு வந்தால் மூன்றில் ஒரு பங்கு மீதி. இரவுப் பணியில் இருக்கும் செவிலியர் மனக்கணக்காகப் போடும் இந்தக் கணக்கில், அவ்வளவு நெருக்கத்திலும் ஐந்தாறு சதவீதத்துக்கு மேல் பிழை வராது. மூலக்கூறுகள் சற்றே ஈர்த்துக்கொள்வதால் கணக்கைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வாயு உள்ளே இருக்கும். இந்த ஈர்ப்பையும் மூலக்கூறுகளின் சொந்த அளவையும் சமன்பாட்டுக்குள் கொண்டுவந்தவர் வான் டெர் வால்ஸ், ஆண்டு 1873.

வீட்டுச் சமையல் எரிவாயு உருளையில் அந்த மனக்கணக்கு முற்றாகப் பொய்க்கும். 14.2 கிலோவும் பெரும்பாலும் திரவமாகக் கிடக்க, மேலே சிறிது இடத்தில்தான் வாயு இருக்கிறது. எடுக்க எடுக்கத் திரவம் ஆவியாகி ஈடுகட்டுவதால், பாதி தீர்ந்தபின்பும் அழுத்தம் பெரிதாகக் குறையாது. உள்ளே இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த கலவை. புரோப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதிப்பது. பியூட்டேன் பூஜ்ஜியத்தை ஒட்டிக் கொதிப்பது. மேலிருக்கும் வாயுவின் அழுத்தத்தில் பெரும்பங்கு புரோப்பேனுடையது. அதனால் அதுவே முந்திக்கொண்டு போகும். உருளை தீரும் கட்டத்தில் பியூட்டேனின் பங்கு கூடி, அழுத்தம் இறங்கும். திண்டுக்கல் வெயிலில் இது யாருக்கும் தெரியவராது. மார்கழி விடியற்காலையில் கொடைக்கானல் டீக்கடையில் அடுப்பு மந்தமாக எரியும்போது தெரியும். ஒரே நேரத்தில் நிறைய வாயுவை இழுக்கும் ஓட்டல்களில், ஆவியாதல் திரவத்தின் சூட்டை உறிஞ்சிக்கொள்வதால் உருளையின் வெளிப்புறம் வேர்க்கும். சில நேரம் வெண்பனி படரும். அந்த ஈரக்கோடு நிற்கும் உயரம் உள்ளே திரவம் எதுவரை இருக்கிறது என்பதைக் காட்டிவிடும். மற்ற நேரங்களில், எவ்வளவு மீதி என்று அறிய உருளையை எடைபோட்டு, அதன் கழுத்து வளையத்தில் எழுதியிருக்கும் வெற்று எடையைக் கழிப்பதுதான் வழி.